காது மிஷின் வாங்கும் கணக்கு

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ காது மிஷின் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் மலைத்துப்போவது விலையைக் கேட்டுத்தான். சட்டைப் பையில் வைத்து வயர் மாட்டிக்கொள்ளும் பழைய வகை இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரண டிஜிட்டல் கருவி ஏறத்தாழ பத்தாயிரத்தில் தொடங்குகிறது. அதே வளைவு, அதே நிறம், ஏறக்குறைய அதே எடை உள்ள இன்னொன்றை எடுத்துக் காட்டி, “இது ஒரு காதுக்கு ஒன்றே முக்கால் லட்சம்” என்கிறார்கள். கூடவே, “இன்னைக்கே புக் பண்ணினா நாற்பது பர்சென்ட் தள்ளுபடி” என்றும் சொல்கிறார்கள். வந்தவர் குழம்பிப்போய், “எது நல்லதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்” என்று பொறுப்பை விற்பவரிடமே ஒப்படைத்துவிடுகிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் பற்றிய உலக அறிக்கை, 43 கோடிப் பேருக்குக் கேட்புத்திறன் சார்ந்த மறுவாழ்வு உதவி தேவைப்படுகிறது என்கிறது. கருவி அணிந்தால் பயன்பெறக்கூடியவர்களில் நூற்றுக்கு 17 பேரே அதை அணிகிறார்கள் என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பீடுதான். விலையும் வெட்கமும் இதற்குக் காரணம் என்பது எல்லோரும் அறிந்தது. மூன்றாவது காரணம் ஒன்று உண்டு: வாங்கியவர்களிலேயே பலர் போடுவதில்லை. பத்தாயிரத்துக்கு வாங்கினாலும் இரண்டு லட்சத்துக்கு வாங்கினாலும் கதை இதுதான். ஆகவே விலையை மட்டும் ஒப்பிடுவது அரைக் கணக்கு. அந்த விலைக்குள் யாருடைய உழைப்பு, எத்தனை வருடத்துக்கு அடங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

கருவிக்கு முன்னால் காது

கடையிலிருந்து தொடங்குவதே பிழை. காதில் சீழ், வலி, தலைச்சுற்றல் இருந்தாலும், ஒரு காது மட்டும் மந்தமானாலும் முதலில் ஈஎன்டி மருத்துவரைப் பார்க்க வேண்டும். அழுக்கு அடைத்துக்கொண்டதால் கேட்காமல் போனவருக்குக் கருவியே தேவைப்படாது. செவிப்பறையில் ஓட்டை இருப்பவருக்கு அறுவை சிகிச்சை உதவலாம். ஓரிரு நாளில் திடீரென்று கேட்காமல் போவது அவசர சிகிச்சைக்குரிய நிலை. சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் திரும்பக் கேட்க வாய்ப்பு உண்டு. “வயசாச்சு, அப்படித்தான்” என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

அடுத்தது ஆடியோகிராம். சத்தம் புகாத அறையில் உட்கார்த்தி, 250 ஹெர்ட்ஸ் முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று குறிக்கும் வரைபடம் இது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. முதுமையால் வரும் குறைபாட்டில் கோடு இடப்பக்கம் சமதரையாக ஓடி வலப்பக்கம் சரியும். தாழ்ந்த சுருதிகள் கேட்கும், உயர்ந்த சுருதிகள் கேட்காது. உயிரோசை காதில் விழும், மெல்லிய மெய்யோசைகள் நழுவிவிடும். “பால்” என்றது “கால்” என்று விழும். “பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னு புரியல” என்று பெரியவர்கள் சொல்வது இந்தச் சரிவைத்தான்.

இந்த வரைபடத்தோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பேச்சை அடையாளம் காணும் சோதனையும் அதே அளவு முக்கியம். வசதியான சத்தத்தில் தமிழ்ச் சொற்களை ஒலிக்கவிட்டு, அவற்றில் எத்தனையைச் சரியாகத் திரும்பச் சொல்கிறார் என்று நூற்றுக்கு இத்தனை எனப் போடும் மதிப்பெண் அது. தொண்ணூறு வாங்குகிறவருக்கு எளிய கருவியே நன்றாக வேலை செய்யும். நாற்பது வாங்குகிறவருக்கு எந்த விலைக் கருவியும் தெளிவைத் திருப்பித் தராது. கருவி ஒலியைப் பெருக்கிக் கொண்டுவந்து சேர்க்கும். சிதைந்த நரம்பு அதைப் பிரித்தறியாது. இந்த மதிப்பெண்ணைச் சொல்லாமல் விலைப் பட்டியலை நீட்டுகிறவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

சோதனை செய்கிறவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். ஆடியாலஜி, பேச்சு மொழி நோயியல் இரண்டும் சேர்ந்த நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்து, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரே ஆடியாலஜிஸ்ட். வெள்ளைக் கோட்டுப் போட்ட விற்பனையாளர் அவர் இடத்தை நிரப்ப முடியாது. பதிவு எண்ணைக் கேட்டால் உண்மையான ஆடியாலஜிஸ்ட் கோபித்துக்கொள்ளமாட்டார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்தச் சோதனைகளைச் செய்துகொண்டு, தாள்களோடு கடைக்குப் போகிறவருக்கு ஒரு வசதி உண்டு: “இலவசச் சோதனை” தந்தவருக்கு நன்றிக்கடன் பட வேண்டியதில்லை.

விலை எங்கிருந்து வருகிறது

உலகச் சந்தையின் பெரும்பகுதி ஐந்து குழுமங்களின் கையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் சொனோவா, டென்மார்க்கின் டெமான்ட், அதே நாட்டின் ஜிஎன், 2019இல் சிவான்டோஸும் வைடெக்ஸும் இணைந்து உருவான டபிள்யூஎஸ் ஆடியாலஜி, அமெரிக்காவின் ஸ்டார்க்கி. கடையில் நாம் காணும் ஃபோனாக், யுனிட்ரான், ஓட்டிக்கான், பெர்னஃபான், ரிசவுண்ட், சிக்னியா, வைடெக்ஸ் எல்லாம் இவற்றின் பிள்ளைகள். போட்டி பல பெயர்களில் நடப்பதுபோல் தெரிந்தாலும் சில கைகளுக்குள்தான் சுழல்கிறது.

ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தலைமுறைக்கு ஒரு சிப் செய்கிறது. பல சமயம் அதே சிப், அதே உடல். மென்பொருளில் எதைத் திறந்துவிடுகிறார்கள், எதைப் பூட்டிவைக்கிறார்கள் என்பதை வைத்து மூன்று, நான்கு விலைப்படிகளாகப் பிரிக்கிறார்கள். மேல்படியில் சேனல்கள் அதிகம், இரைச்சலைக் குறைக்கும் வழிகள் அதிகம், சூழலுக்கேற்பத் தானாக மாறும் திறன் அதிகம். கீழ்ப்படியில் அதே பொருள் அடக்கமாக இருக்கிறது. கூடுதல் விலையில் பெரும்பங்கு ஆராய்ச்சிச் செலவுக்கும் விளம்பரத்துக்கும் விநியோகச் சங்கிலிக்கும் போகிறது.

இன்னொரு பங்கு சேவைக்கு. இந்தியாவில் சோதனை, பொருத்துதல், பிறகு வரும் திருத்தங்கள் எல்லாவற்றின் கூலியையும் கருவியின் விலைக்குள்ளேயே மறைத்துவிடுவது வழக்கம். எனவே ஒரு கடையில் 45,000 என்றும் இன்னொன்றில் 70,000 என்றும் ஒரே மாடலுக்குச் சொல்லும்போது, இரண்டாமவர் கொள்ளையடிக்கிறார் என்றும் சொல்ல முடியாது, கூடுதல் சேவை தருகிறார் என்றும் சொல்ல முடியாது. பிரித்துக் கேட்டால்தான் தெரியும். “கருவி மட்டும் எவ்வளவு, உங்கள் சேவைக்கு எவ்வளவு, அது எத்தனை வருடத்துக்கு?” பதில் தடுமாறினால், விலைக்குள் சேவை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அட்டைப்பெட்டியில் அச்சடித்த விலை பேரத்துக்காகவே உயர்த்தி வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. ஐம்பது சதவீதத் தள்ளுபடிக்குப் பிறகும் கடைக்காரருக்கு லாபம் நிற்கிறது என்றால் அந்த அச்சு விலைக்கு அர்த்தமில்லை. தள்ளுபடியை மறந்துவிட்டு, கையிலிருந்து போகும் தொகையை மட்டும் இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிட வேண்டும். வரி என்று சேர்த்தால் கேள்வி கேட்கலாம்: காதொலிக் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

உற்பத்தி செய்யும் குழுமங்கள் சில்லறைக் கடைகளையும் உலகெங்கும் வாங்கிப்போட்டு வருகின்றன. எனவே “எங்கள் பரிந்துரை இதுதான்” என்று ஒரே பெயரைக் காட்டும் இடத்தில், பரிந்துரை காதைப் பார்த்து வந்ததா, பங்குதாரரைப் பார்த்து வந்ததா என்று யோசிப்பது நியாயம். குறைந்தது மூன்று நிறுவனங்களின் கருவிகளைப் பொருத்தத் தெரிந்த இடம் பாதுகாப்பானது.

விலை கூடினால் கேட்பது கூடுமா

இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் சில உண்டு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் குழுவினர், லேசானது முதல் நடுத்தரம் வரை குறைபாடுள்ள முதியவர்களிடம் இரண்டு பெரிய நிறுவனங்களின் அடிப்படைக் கருவிகளையும் உயர்விலைக் கருவிகளையும் மாற்றி மாற்றி அணியக் கொடுத்தனர். எது எது என்று அணிந்தவர்களுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு மாதம் போட்டுப் பழகினார்கள். முடிவு: கருவி இல்லாததைவிட எல்லாக் கருவிகளும் நன்றாகவே உதவின. ஆனால் பேச்சைப் புரிந்துகொள்வதிலும் அன்றாட வாழ்க்கையிலும் அடிப்படைக்கும் உயர்விலைக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இண்டியானா பல்கலைக்கழகத்தின் லாரி ஹியூம்ஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. 55 முதல் 79 வயது வரையிலான 154 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே உயர்தரக் கருவிதான். முதல் பிரிவினருக்கு ஆடியாலஜிஸ்ட் முறைப்படி அளந்து பொருத்திக் கொடுத்தார். இரண்டாம் பிரிவினர், முன்கூட்டியே அமைத்துவைத்த மூன்று வகையில் ஒன்றைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒலியைப் பெருக்காதபடி அமைத்த கருவி. ஆறு வாரம் கழித்து, “இதை வைத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டபோது முதல் பிரிவில் நூற்றுக்கு 81 பேரும், இரண்டாம் பிரிவில் 55 பேரும், மூன்றாம் பிரிவில் 36 பேரும் சரி என்றார்கள். பாதிப் பேருக்கு விலை 600 டாலர் என்றும் மீதிப் பேருக்கு 3,600 டாலர் என்றும் சொல்லிப் பணம் வாங்கியிருந்தார்கள். ஆறு மடங்கு விலை வித்தியாசம் பலனில் எந்த மாற்றத்தையும் காட்டவில்லை.

கருவி ஒன்றே, விலை ஒரு பொருட்டில்லை, பொருத்தியவிதம் முடிவை மாற்றியது. அதே சமயம் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டவர்களும் பயன்பெற்றார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. லேசான குறைபாட்டுக்கு ஆடியாலஜிஸ்ட் இல்லாமலே ஓரளவு சமாளிக்கலாம் என்பதற்கும் இந்த ஆய்வே சாட்சி. மூன்றாம் பிரிவில் நூற்றுக்கு 36 பேர் சரி என்றது வேறொரு பாடம்: வாங்கிய முதல் நாள் “ரொம்ப நல்லா கேக்குதே” என்று மனம் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது.

உயர்விலைக் கருவி வீண் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆய்வுகள் பெரும்பாலும் லேசான, நடுத்தரக் குறைபாடுள்ள முதியவர்களைப் பற்றியவை. நாள் முழுதும் கூட்டங்களில் உட்காருகிறவர், வகுப்பெடுக்கும் ஆசிரியர், கைப்பேசியிலேயே தொழில் நடத்துகிறவர் ஆகியோருக்கு ப்ளூடூத் இணைப்பும் திசையறியும் மைக்குகளும் இரைச்சல் கட்டுப்பாடும் கொடுத்த காசுக்கு வேலை செய்யலாம். வீட்டில் இருவர் மூவரோடு பேசி, தொலைக்காட்சி பார்த்து, கோயிலுக்குப் போய்வரும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அந்த வசதிகளில் பாதி தொடப்படாமலே கிடக்கும். இரண்டு காதும் குறைந்தவருக்கு ஒரு காதில் லட்ச ரூபாய்க் கருவி போடுவதைவிட இரண்டு காதிலும் நடுத்தரக் கருவி போடுவது பெரும்பாலும் மேல். ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டே அறிகிறது.

காது கேளாவிட்டால் மறதி நோய் வரும் என்று பயம் காட்டி விற்பதும் இப்போது பரவியிருக்கிறது. 2023இல் லான்செட் இதழில் வந்த அச்சீவ் ஆய்வு 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்றாண்டு கவனித்தது. மொத்தமாகப் பார்த்தபோது காதொலிக் கருவி அறிவுத்திறன் சரிவைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் அதிகமிருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் சரிவு 48 சதவீதம் குறைவாக இருந்தது. கவனிக்கத்தக்க முடிவுதான். ஆனால் “இதைப் போட்டால் மறதி வராது” என்று சொல்லி இரண்டு லட்சத்தைக் காட்டுகிறவருக்கு அந்த ஆய்வு துணை நிற்காது. அதில் விலைப்படிகள் சோதிக்கப்படவே இல்லை.

பொருத்துவது என்றால் என்ன

மூக்குக்கண்ணாடி போட்டதும் தெளிவாகத் தெரிவதுபோல் இதுவும் போட்டதும் கேட்கும் என்ற எதிர்பார்ப்போடுதான் பலரும் வருகிறார்கள். ஆடியோகிராமைக் கணினியில் ஏற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் மென்பொருள் ஒரு தொடக்க அமைப்பைத் தருகிறது. பல கடைகளில் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தத் தொடக்க அமைப்பு உயர்ந்த சுருதிகளில் தேவையைவிடக் குறைவாகவே ஒலியைத் தருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரியவர்கள் நழுவவிடுவதும் அதே சுருதிகளைத்தான்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றைக் காதுத் துவாரத்துக்குள் செவிப்பறைக்குச் சில மில்லிமீட்டர் அருகே வரை விடுகிறார்கள். அதன் மறுமுனையில் மைக். மேலே கருவியை மாட்டிவிட்டு, எதிரே உள்ள ஒலிபெருக்கியில் மெதுவான பேச்சு, சாதாரணப் பேச்சு, உரத்த பேச்சு என்று மூன்று நிலையில் ஒலிக்கவிடுகிறார்கள். செவிப்பறையை எட்டும் ஒலி திரையில் ஒரு கோடாக ஓடும். எட்ட வேண்டிய அளவு இன்னொரு கோடு. இரண்டும் ஒட்டி ஓடும்வரை ஆடியாலஜிஸ்ட் திருத்துகிறார். ரியல் இயர் மெஷர்மென்ட் என்பது இதுதான். அரை மணி நேர வேலை. ஒவ்வொருவர் காதுத் துவாரத்தின் நீளமும் அகலமும் வேறு என்பதால் இதைச் செய்யாமல் ஒலியின் அளவை உறுதியாகச் சொல்ல முடியாது. கடையைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், “ரியல் இயர் செய்வீர்களா?” என்பதைக் கேட்கலாம்.

எட்ட வேண்டிய அளவைத் தீர்மானிக்கும் சூத்திரங்களில் பரவலானது ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய என்ஏஎல்-என்எல்2. அணிபவரின் வயது, பாலினம், புதியவரா பழகியவரா, அவர் பேசுவது சுருதியால் பொருள் மாறும் மொழியா இல்லையா என்பதெல்லாம் அதில் நிரப்பப்படும். புதியவர் என்றால் ஒலியைச் சற்றுக் குறைத்தே தரும். ஆறு மாதம் பழகிய பிறகும் யாரும் திருத்தாமல் “புதியவர்” என்றே இருந்தால் அவருக்கு வர வேண்டிய ஒலி வராது. முதல் சில வாரங்களுக்குத் தட்டுச் சத்தமும் ஃபேன் சத்தமும் காதைக் குடையும். பல வருடம் கேளாத ஒலிகளை மூளை மறுபடி பழக வேண்டும். இந்தக் காலத்தில் இரண்டு மூன்று முறை திருத்தம் தேவைப்படும். விலைக்குள் அத்தனை வருகைகள் உண்டா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் பெற வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு, கேளாதோர் கல்வியாளர் டேனியல் லிங் வகுத்தது. பெரியவரின் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, சாதாரணக் குரலில் ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை இடைவெளி விட்டு வரிசை மாற்றிச் சொல்ல வேண்டும். பேச்சின் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. ஷ், ஸ் தொடர்ந்து நழுவினால் அடுத்த வருகையில் அதைச் சொல்ல வேண்டும். “சரியா கேக்கல” என்பதைவிட “ஸ் கேக்கல” என்பது ஆடியாலஜிஸ்ட்டுக்கு ஆயிரம் மடங்கு பயனுள்ள புகார்.

நான்கைந்து வருடத்துக்கான உறவு

நல்ல கருவி நான்கைந்து வருடம் உழைக்கும். அந்தக் காலம் முழுதும் அதற்கு இரண்டு எதிரிகள்: ஈரம், காதழுக்கு. சென்னை, தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர ஊர்களில் வியர்வையும் உப்புக்காற்றும் மைக் துளைகளைச் சீக்கிரமே அடைத்துவிடும். இரவில் கருவியைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பது சில நூறு ரூபாயில் ஆயிரங்களைக் காப்பாற்றும் பழக்கம். ஒலி வெளிவரும் முனையில் மாட்டியிருக்கும் வாக்ஸ் கார்டு என்ற சிறு வடிகட்டி அடைத்துக்கொண்டால் கருவி செத்துப்போனது போலவே தோன்றும். அதை மாற்றச் சில நொடி போதும். இது தெரியாமல் கருவியைப் பழுதென்று பீரோவுக்குள் வைத்தவர்கள் ஏராளம்.

பேட்டரியும் வாங்கும் நேரத்தில் பேச வேண்டிய விஷயம். பட்டன் பேட்டரிகள் நிறத்தால் பிரியும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். எண் 10 சில நாட்களே வரும், 312 ஏறத்தாழ ஒரு வாரம், 13 ஒன்றரை இரண்டு வாரம். ஸ்டிக்கரைப் பிய்த்ததும் காற்றுப் பட்டு வேலை தொடங்கும் வகை என்பதால், பிய்த்துச் சில நிமிடம் விட்டுப் போட வேண்டும். பிய்த்தபின் ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிப் பயனில்லை. விரல் நடுக்கமுள்ளவருக்குச் சிறிய பேட்டரிக் கருவி தண்டனை. அவருக்குப் பெரிய கருவியோ சார்ஜ் செய்யும் வகையோ ஏற்றது. சார்ஜ் வகையில் நான்கைந்து வருடத்தில் உள்ளிருக்கும் பேட்டரி தளரும். மாற்ற என்ன செலவு, எத்தனை நாள் ஆகும், அதுவரை கடனாக ஒரு கருவி தருவார்களா என்று அன்றே கேட்டுவிட வேண்டும். காதுக்குள் ஒளிந்துகொள்ளும் குட்டிக் கருவிகளை வெளியே தெரியாது என்பதற்காக விரும்புகிறார்கள். அழுக்கு அதிகம் சேர்கிறவருக்கும் கடும் குறைபாடுள்ளவருக்கும் அவை பொருந்துவது அரிது.

ஊர் மாறுவது நம் குடும்பங்களில் சாதாரணம். மகன் வீடு கோவையில், மகள் வீடு பெங்களூரில், அப்பா ஆறு மாதம் அங்கே ஆறு மாதம் இங்கே. கருவியைத் திருத்த அந்தந்த நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். சில விற்பனைச் சங்கிலிகள் தங்கள் பெயரிலேயே விற்கும் கருவிகளை வேறு எவரும் திறக்க முடியாதபடி பூட்டிவைக்கின்றன. அந்தக் கிளை மூடப்பட்டால் நல்ல கருவியும் அநாதையாகிவிடும். எந்த ஊரில் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ள முடியுமா என்பது விலையைவிடப் பெரிய கேள்வி. ஆடியோகிராம் நகல், மாடல் பெயரும் சீரியல் எண்ணும் போட்ட பில், உத்தரவாத அட்டை மூன்றும் கையில் இருக்க வேண்டும். பில் இருந்தால்தான் சேவைக் குறைபாட்டுக்கு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் படியேற முடியும்.

சோதனைக் காலம் இன்னொன்று. போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும் வசதி மேலை நாடுகளில் பரவலாக உண்டு. இங்கே அது கடைக்காரரின் மனத்தைப் பொறுத்தது. “ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பார்க்கத் தருவீர்களா, வேண்டாம் என்றால் எவ்வளவு பிடித்துக்கொள்வீர்கள்?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கடையின் அமைதியான அறையில் எல்லாக் கருவியும் நன்றாகவே கேட்கும். சந்தையிலும் கல்யாண மண்டபத்திலும் கேட்கிறதா என்பதே கேள்வி.

இலவசக் கருவிகள்

ஏழைகளுக்கு அரசு வழிகள் உண்டு. மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் வருமான வரம்புக்கு உட்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி தரப்படுகிறது. 2017 ஏப்ரலில் நெல்லூரில் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் வருமானம் குறைந்த மூத்த குடிமக்களுக்கு ஊன்றுகோல், பல்செட், கண்ணாடியோடு காதொலிக் கருவியும் தருகிறது. தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் கருவி பெறலாம். பிறவியிலேயே கேளாத சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் உள்வைப்பு அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை அது.

ஆனால் சட்டத்தின் வரம்பு கறாரானது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சுச் சுருதிகளில் 60 டெசிபல் குறைபாடு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர். 50 டெசிபலில் இருப்பவர் வீட்டுப் பேச்சைக் கேட்கத் திணறுவார், ஆனால் சான்றிதழ் கிடைக்காது. வயதானவர்களில் கணிசமானோர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள். மத்திய அரசு ஊழியர், முன்னாள் படைவீரர் போன்றோருக்கு அவரவர் மருத்துவத் திட்டங்களில் உச்சவரம்புக்கு உட்பட்டுப் பணம் திரும்பக் கிடைக்கும். முன் அனுமதி வாங்காமல் வாங்கிவிட்டால் சிக்கல்.

இலவசக் கருவியின் பலவீனம் அதன் தரத்தில் இல்லை. முகாமில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோருக்கு வழங்கிவிட்டுப் போகும்போது, அளந்து பொருத்தவும் ஒரு மாதம் கழித்துத் திருத்தவும் ஆளில்லை. பேட்டரி தீர்ந்தால் கிராமத்துப் பெரியவர் யாரிடம் போவார்? மேல்தட்டில் இரண்டு லட்சம் கொடுத்து வாங்கியவரும் பின்துணை கிடைக்காமல் கழற்றி வைக்கிறார், கீழ்த்தட்டில் இலவசமாகப் பெற்றவரும் அதே காரணத்தால் கழற்றி வைக்கிறார். இலவசமும் லட்சமும் தோற்பது ஒரே இடத்தில். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை கருவியை இலவசமாகத் தருவதோடு பேட்டரியையும் பழுது பார்த்தலையும் இலவசமாகவே தொடர்கிறது. மொத்தமாகக் கொள்முதல் செய்வதால் அரசுக்கும் விலை கட்டுப்படியாகிறது. இங்கே கருவி வாங்கப் பணம் ஒதுக்கப்படுகிறது. அதைக் காதில் நிலைக்கவைக்கும் ஆடியாலஜிஸ்ட் பணியிடத்தையும் அதோடு சேர்த்து ஒதுக்கினால்தான் செலவு பலனாகும்.

பரிந்துரை இல்லாமல் வாங்குவது

அமெரிக்கா பிரிட்டனுக்கு நேரெதிரான வழியைத் தேர்ந்தது. அங்கே மூத்தோருக்கான மூல மெடிகேர் காப்பீடு காதொலிக் கருவிக்குப் பணம் தருவதில்லை. விலைச்சுமை தாங்காமல் 2017இல் சட்டம் இயற்றி, 2022 அக்டோபர் முதல் லேசான, நடுத்தரக் குறைபாடுள்ள வயது வந்தோர் பரிந்துரையில்லாமல் கடையில் கருவி வாங்க அனுமதித்தார்கள். 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2ஐக் காதொலிக் கருவியாக மாற்றும் மென்பொருளுக்கும் அங்கே ஒப்புதல் கிடைத்தது. லேசான குறைபாட்டோடு கடைக்குப் போகத் தயங்கும் ஐம்பது வயதுக்காரருக்கு இது நல்ல முதல் படி.

நம் ஊரில் இணையத்தில் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு விற்கும் “காது மிஷின்கள்” வேறு சாதி. அவற்றில் பல எல்லாச் சுருதிகளையும் ஒன்றாகக் கூட்டும் வெறும் ஒலிபெருக்கிகள். நன்றாகக் கேட்கும் தாழ்ந்த சுருதியையும் சேர்த்துக் கூட்டுவதால் இரைச்சலே மிஞ்சும். உச்ச ஒலிக்குக் கட்டுப்பாடு இல்லாதவை மிச்சமிருக்கும் கேட்புத்திறனையும் கெடுக்கலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜோடி 1,60,000 ரூபாய்க்கு ஒரு கருவி, ஐந்து வருடத்தில் உத்தரவாதத்துக்குப் பிந்தைய பழுதுச் செலவு 16,000. மொத்தம் 1,76,000. தினமும் போட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 96 ரூபாய். ஜோடி 50,000 ரூபாய்க்கு இன்னொன்று, வருடத்துக்குச் சேவைக் கட்டணம் 4,000, பேட்டரிக்கு 5,000. ஐந்து வருடத்தில் 95,000. நாளொன்றுக்கு 52 ரூபாய். இணையத்தில் வாங்கிய 3,000 ரூபாய்ப் பெருக்கியை இரண்டு மாதம் போட்டுக் கழற்றி எறிந்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய். மலிவு என்று வாங்கியதும் முறையாகப் பொருத்தியதும் ஒரே விலைக்கு வந்து நிற்கின்றன; ஒன்றில் ஐந்து வருடம் கேட்கிறது, மற்றொன்றில் இரண்டு மாதம். முதல் கருவியை விசேஷங்களுக்கு மட்டும் வருடத்தில் முப்பது நாள் போட்டால் நாளொன்றுக்கு 1,170 ரூபாய்க்கு மேல்.

ஆகவே கருவிகளை ஒப்பிட வேண்டிய அளவுகோல், அது காதில் இருக்கும் ஒரு நாளின் விலை. அந்த நாட்களைக் கூட்டுவது பொருத்தும் கையும் திருத்தும் பொறுமையும்தான். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் ஒரு விலைப்படி இறங்கி, மிச்சப் பணத்தை ரியல் இயர் செய்கிற, பக்கத்திலேயே இருக்கிற ஆடியாலஜிஸ்ட்டுக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

போடப்பட்ட நாட்களை யூகிக்கவும் தேவையில்லை. இன்றைய டிஜிட்டல் கருவிகளில் பெரும்பாலானவை தினம் சராசரியாக எத்தனை மணி நேரம் அணியப்பட்டன என்று தாங்களே பதிவு செய்துகொள்கின்றன. கணினியில் இணைத்ததும் அந்த எண் தெரிந்துவிடும். மூன்றாவது மாதத் திருத்தத்துக்குப் போகும்போது அந்தத் திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்றிருந்தால் என்ன விலை கொடுத்திருந்தாலும் பணம் வேலை செய்கிறது. ஒரு மணி நேரம் என்றிருந்தால் வேறு கருவியைத் தேடும் முன், ஏன் கழற்றுகிறார் என்று அவரிடமே கேட்டு, அந்தக் காரணத்தை ஆடியாலஜிஸ்ட் முன்னால் சொல்ல வைக்க வேண்டும். பாதிப் பிரச்சினைகள் புதிய கருவி இல்லாமலே தீரக்கூடியவை.